வேட்டியால் வந்த தலைமை

கல்லூரி வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கி நாலைந்து அடிதான் வைத்திருப்பேன். மதில்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்த பையன்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஒருவன் காதில் இருந்த இயர்போனைப் பிடுங்கிக்கொண்டான். இன்னொருவன் வாயில் மென்றுகொண்டிருந்ததை அவசரமாகத் துப்பினான்.

பின்னால் யாராவது பேராசிரியர் வருகிறார்களோ என்று திரும்பிப் பார்த்தேன். ஒரு ஆட்டோ நின்றது. மழையில் நனைந்த நாய் ஒன்று உடம்பை உதறிக்கொண்டிருந்தது. வேறு யாரும் இல்லை. எழுந்து நின்றது எனக்காகத்தான்.

ஒரு வருடத்துக்குப் பிறகு படிக்க வந்திருந்தேன். யாரும் என்னைக் கவனிக்கக்கூடாது என்பதுதான் அன்று எனக்கிருந்த ஒரே பிரார்த்தனை. கெட்டுப்போன பெருங்குடலை எடுத்துவிட்டு, சிறுகுடலின் நுனியை வயிற்றின் வலப்பக்கம் ஒரு துளை வழியாக வெளியே கொண்டுவந்து தைத்திருந்தார்கள். ஸ்டோமா என்பார்கள். அதன்மேல் தோலோடு ஒட்டிய ஒரு பை. கழிவெல்லாம் அந்தப் பைக்குள் வந்து விழும். இது ஒரு மனிதனுக்கும் தெரியாமல் பி.காம். முடிக்க வேண்டும். வேறு பெரிய லட்சியம் எதுவும் எனக்கு அப்போது இல்லை.

அந்த வருடத்துக் கல்லூரித் தேர்தலில் நான் தோற்றுப்போனேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்தத் தொடரில் நான் எதிலாவது ஜெயித்ததாக நீங்கள் படித்திருந்தால் அது அச்சுப்பிழை.

பெல்ட் வந்து உட்காரும் இடம்

அறுவை சிகிச்சை அவசரமாக நடந்தது. துளையை எங்கே வைத்தால் பையனுக்கு வசதி என்று யோசிக்கவெல்லாம் யாருக்கும் நேரமில்லை. உயிரைப் பிடித்து நிறுத்துவதே அன்று பெரும்பாடு. பல நாள் கழித்து எழுந்து உட்கார்ந்து பார்த்தால், பேன்ட்டின் பெல்ட் எங்கே வருமோ சரியாக அங்கே அது இருந்தது. சிவப்பாக, ஈரமாக.

“செம்பருத்தி மொட்டு மாதிரி இருக்கு, நல்லா ஆறியிருக்கு” என்றார் நர்ஸ். எனக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கேரள எல்லையில் இருக்கிற எங்கள் பாறசாலைப் பக்கம் நோயாளியைப் பார்க்கப் போவது சபைக்குப் போவதைவிடக் கண்டிப்பான கடமை. கையில் பிரட்டும் ஆரஞ்சும் இருக்கும். வந்தவர்கள் ஜெபம் பண்ணுவார்கள், சாயா குடிப்பார்கள். ஆனால் பார்க்க வந்ததைப் பார்க்காமல் எழுந்திருக்க மாட்டார்கள்.

“காட்டு மக்கா, நான் உனக்க பெரியம்மையில்லியா?” என்றார் காஞ்சிரங்குளத்திலிருந்து வந்த பெரியம்மா.

அம்மா அடுக்களையில் இருந்தபடியே சத்தம் போட்டார். “அதென்ன பொருட்காட்சியா அக்கா? ஆரஞ்சை வச்சிட்டு ஜெபம் பண்ணிட்டுப் போங்க.”

ஆனாலும் பெரியம்மா விடவில்லை. சாயா கொடுத்துவிட்டு அம்மா மறுபடி வெந்நீர் எடுக்கப் போன நேரம் பார்த்துச் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டார். பார்த்ததும் அவர் முகம் போன போக்கை நான் இன்றும் மறக்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “கர்த்தாவே, செறுக்கனுக்க ஜீவிதம் போச்சே” என்றார். அதற்குப் பிறகு என்னோடு பேசும்போதெல்லாம் அவருடைய கண் என் முகத்தில் நிற்காது, இறங்கி வயிற்றுக்குப் போய்விடும். நான் பயந்தது அந்தக் கண்ணுக்குத்தான். வலிகூடப் பழகிவிடுகிறது.

கல்லூரிக்குப் போக வேண்டும் என்றதும் பேன்ட் பிரச்சினை வந்தது. ஒரு அளவு பெரிதாகப் புது பேன்ட் வாங்கி, அதைப் போட்டுக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை மாதிரி சபைக்குப் போனேன். பிரசங்கம் பாதியைத் தாண்டுவதற்குள் பெல்ட் அமுக்கி, பை பக்கவாட்டில் கசியத் தொடங்கிவிட்டது. போதாததற்கு மௌன ஜெபத்தின்போது வயிறு தன்பாட்டுக்கு உரக்கப் பேசியது. ஸ்டோமாவுக்கு இடம் பொருள் ஏவல் கிடையாது. முன் பெஞ்சில் இருந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டு, பசியாக்கும் என்று நினைத்து ஒரு மிட்டாயை நீட்டினார்.

பெல்ட்டுக்குப் பதிலாக அப்பா தோளில் மாட்டுகிற வார் ஒன்று வாங்கி வந்தார். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தால் பேண்டு வாத்தியக்காரன் மாதிரி இருந்தேன். அம்மாவுக்குச் சிரிப்பு வந்து, பிறகு அழுகை வந்தது.

அப்பா எலெக்ட்ரீசியன். எதையும் சுற்றி வளைக்க மாட்டார். “நான் வேட்டிதானே உடுக்கியேன், எனக்கு என்ன கொறஞ்சு போச்சு?” என்றார். “நெஞ்சுக்குக் கீழ கெட்டு. மேல சட்டை கெடக்கும். ஒருத்தனுக்கும் தெரியாது.”

கட்டிப் பார்த்தேன். விலா எலும்புக்குக் கீழே முடிச்சு. அதற்குள் பை எந்த இறுக்கமும் இல்லாமல் தொங்கியது. மேலே தொளதொளவென்று அப்பாவின் சட்டை. ஒரு வருடத்தில் முதல் தடவையாக நிமிர்ந்து நிற்க முடிந்தது.

எல்லைக்கு இந்தப் பக்கம்

எங்கள் வீட்டிலிருந்து பொடிநடையாக நடந்தால் தமிழ்நாடு வந்துவிடும். அந்தப் பக்கத்துக் கல்லூரிக்கு ஒரு பையன் வேட்டி கட்டிக்கொண்டு போனால், வாசலில் வாட்ச்மேன் நிறுத்தி, “யாருக்குத் தம்பி கல்யாணம்?” என்று கேட்பார். அதோடு விஷயம் முடிந்தது.

இந்தப் பக்கம் அப்படியில்லை. கேரளத்துக் கல்லூரியில், ஓணக் கொண்டாட்டமும் இல்லாத ஒரு சாதாரணத் திங்கட்கிழமையில், வெள்ளை வேட்டியும் தாடியுமாக ஒருவன் வந்து இறங்கினால் அவன் ஏதோ ஒரு கட்சியின் மாணவர் தலைவன். நேதாவு என்பார்கள். அதில் யாருக்கும் சந்தேகம் வராது. எந்தக் கட்சி என்பதில்தான் சந்தேகம் வரும்.

எனக்கோ ஆஸ்பத்திரியில் வளர்ந்த தாடியை எடுக்கச் சோம்பல். தோளில் துணிப்பை மாட்டியிருந்தேன். அதற்குள் மாற்றுப் பை, பஞ்சு, தண்ணீர்க் குப்பி, கழற்றியதைச் சுற்றிப்போட ஒரு பழைய நியூஸ்பேப்பர். நியூஸ்பேப்பர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தலைவனுக்குரிய லட்சணம் ஒன்றுகூடக் குறையவில்லை.

என் பழைய வகுப்பினர் மூன்றாம் ஆண்டுக்குப் போய்விட்டார்கள். அவர்களுடைய வகுப்புகள் ரோட்டுக்கு அந்தப் பக்கத்துக் கட்டிடத்தில். நான் இரண்டாம் ஆண்டில், என்னை அறியாத புதுப் பையன்களோடு உட்கார்ந்தேன். ஒரு வாரத்தில் என் வரலாறு தயாராகிவிட்டது. ஒரு வருடம் காணாமல் போனவன் வேறெங்கே போயிருப்பான்? ஜெயிலுக்குத்தான். வயிற்றில் கை வைத்துக்கொண்டு மெதுவாக நடக்கிறானே? தடியடி. முன்கையில் வரிசையாகத் தழும்புகள் இருக்கின்றனவே? அதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். என் முன்கையில் ட்ரிப் ஏற்றிய நர்ஸுகளுக்கு இந்தக் கதை தெரிந்தால் என்னை மன்னிக்க மாட்டார்கள்.

எல்லாரும் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் பங்கு வைத்துத் தின்னும்போது நான் கஞ்சிப் பாத்திரத்தைத் திறப்பேன். தேங்காய், பலா என்று நார் உள்ள எதுவும் எனக்கு அப்போது ஆகாது. அதற்கும் ஒரு பேர் வைத்தார்கள். எளிமை.

வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டுவது எங்கள் பக்கத்து ஆண்களின் பிறப்புரிமை. பெரியவர்கள் எதிரே வந்தால் மடிப்பை அவிழ்த்து இறக்கிவிட வேண்டும். அதுதான் மரியாதை. எனக்கு மடித்துக் கட்டவே வழியில்லை, மடிப்பு பையின்மேல் வந்து அமுக்கும். அதனால் கொட்டுகிற மழையிலும், சேறு தெறிக்கிற ரோட்டிலும் வேட்டியை இறக்கிவிட்டே நடந்தேன். பேராசிரியர்கள் உருகிப்போனார்கள். “நேதாவு ஆனாலும் குருத்துவம் உள்ள பையன்” என்று ஒருவர் வகுப்பிலேயே சொன்னார்.

பை நிறைந்தால் பாடம் முடியும்வரை காத்திருக்காது. நடுவில் எழுந்து வெளியே போவேன். அதற்கும் யாரும் காரணம் கேட்கவில்லை. கணக்குப்பதிவு எடுக்கிற சார் கரும்பலகையிலிருந்து திரும்பாமலே, “மீட்டிங் உண்டல்லே?” என்று மலையாளத்தில் கேட்டுவிட்டு எழுதிக்கொண்டே இருப்பார்.

நீ ஏன் மறுக்கவில்லை என்று கேட்பீர்கள். மறுத்தேன். “எனக்கு எந்தக் கட்சியும் இல்லை” என்று கண்டவரிடமெல்லாம் சொன்னேன். பெரிய தலைவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று அவர்கள் தலையாட்டினார்கள்.

ஒரு தாழ்ப்பாள்

கல்லூரியில் பையன்களுக்கான கழிவறையில் மூன்று அறைகள். ஒன்றில் தண்ணீர் வராது. ஒன்றுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. மூன்றாவதற்குக் கதவே கிடையாது. சாதாரண ஆள் இதில் எப்படியோ காரியத்தை முடித்துவிட்டு வந்துவிடலாம். நான் சட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டு, வேட்டியைத் தளர்த்தி, பையின் வாயைத் திறந்து காலிசெய்து, கழுவித் துடைத்து மூட வேண்டும். அதற்குத் தாழ்ப்பாள் வேண்டும், தண்ணீரும் வேண்டும்.

முதல் நாள் நான் அந்த மூன்று அறைகளுக்கும் முன்னால் நின்று விழித்துக்கொண்டிருந்தேன். வேட்டி கட்டிய இன்னொருவன், நிஜமான தலைவன், அந்த வழியே வந்தான். “சேட்டன் ஏன் இஞ்ச நிக்கியது? நம்ம யூனியன் ரூம் உண்டே” என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான்.

அந்த அறை முன்பு ஆசிரியர்கள் ஓய்வெடுக்கிற இடமாக இருந்ததாம். உள்ளேயே ஒரு குளியலறை. குழாயைத் திருகினேன், தண்ணீர் கொட்டியது. தாழ்ப்பாளைப் போட்டேன், விழுந்தது. சுவரில் சாய்ந்து நின்று அழுதேன். அவ்வளவு சந்தோஷம்.

உண்மையைச் சொன்னாலும் அந்தக் கதவைத் திறந்துவிடத்தான் செய்வார்கள். அவர்கள் ஒன்றும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு இந்த நூறு கண்களும் பெரியம்மாவின் கண்ணாகிவிடும். அது நடந்தால் நான் படிப்பை நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடுவேன் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

பொழியூர்க்காரன்

ஷிஜு என்று ஒருவன் என் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பொழியூர். அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். இவனும் விடுமுறை நாட்களில் போவான், உள்ளங்கை மரப்பட்டைபோல இருக்கும். பாதி தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவான். அதுதான் என் பாஷையும் என்பதால் சீக்கிரம் ஒட்டிக்கொண்டோம்.

அந்த மழைக்காலத்தில் கடல் அவர்கள் வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது. முன்னால் இருந்த ரோடு போய்விட்டது. ரோட்டோரத்துத் தென்னைகள் போயின. வகுப்பில் மழைச் சத்தம் கேட்டால் எங்களுக்கெல்லாம் தூக்கம் வரும். அவன் மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

“சேட்டா, உங்களுக்கு மேல உள்ள ஆள்களை எல்லாம் தெரியுமில்லியா?” என்று ஒருநாள் கேட்டான். “கடல் ஏறாம இருக்க எங்க கடப்புறத்துல கல்லு போடணும்னு ஒரு வார்த்தை சொல்லணும். நாங்க சொன்னா ஒருத்தனும் கேக்கமாட்டான்.”

“எனக்கு ஒருத்தரையும் தெரியாது ஷிஜு. சத்தியமாட்டு.”

“ஓ, செரி செரி” என்று கண்ணடித்தான். “இப்போ வெளிய சொல்லப்பிடாதுன்னா வேண்டாம்.”

தேர்தல் அறிவிப்பு வந்ததும் அவன் என் பின்னாலேயே சுற்றினான். இரண்டாம் ஆண்டுப் பிரதிநிதியாக நான் நிற்க வேண்டுமாம். வேண்டாம் என்றேன். தலைவன் என்பவன் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். அது எங்கள் ஊரில் கல்யாண வீட்டில் இரண்டாவது தடவை சோறு வேண்டாம் என்று சொல்வது போன்ற ஒரு சம்பிரதாயம். யாரும் அதை மதித்து அகப்பையைத் திருப்பி எடுப்பதில்லை.

தோள்மேல்

வகுப்பில் ஒருவர் பெயரை முன்மொழிந்து, மற்றவர்கள் கை தூக்கினால் வேட்பாளர். விருப்பமில்லாதவர் மறுநாளுக்குள் விலகிக்கொள்ளலாம். ஷிஜு எழுந்தான்.

“எபின் சேட்டன்” என்று என் பெயரைச் சொன்னான். ஓலைக்கூரையில் மழை கொட்டியதுபோலக் கைதட்டல்.

நான் எழுந்து விலகுகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் ஷிஜுவும் இன்னொருவனும் என் கால்களைக் கட்டிப்பிடித்து அப்படியே தூக்கிவிட்டார்கள். வராந்தாவில் கோஷம். நான் கூட்டத்தின் தலைக்கு மேலே ஆடிக்கொண்டு போனேன். ஷிஜுவின் தோள் என் வலப்பக்க வயிற்றில் குத்திக்கொண்டிருந்தது.

“இறக்குங்க! எலே, இறக்குங்கலே!” என்று கத்தினேன். கோஷம் கூடியது.

தோலிலிருந்து பசை பிரிவது எனக்குத் தெரிந்தது. பிறகு சூடாக இறங்கியது. ஷிஜுவின் தலையில் ஓங்கி ஒரு அடி கொடுத்தேன். அவன் திகைத்துப்போய் விட்ட நொடியில் குதித்து, துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு யூனியன் அறைக்கு ஓடினேன். தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மாற்றுப் பை இருந்தது. மாற்று வேட்டி இல்லை. கட்டியிருந்ததை இனி உடம்பில் வைக்க முடியாது. வெளியே கூட்டம் நின்றது. அந்த அறைக்கு வேறு வாசல் கிடையாது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

கதவு தட்டப்பட்டது. ஷிஜுவின் குரல். “சேட்டா, போலீஸ் அடிச்ச இடத்துல வல்லதும் பட்டுப்போச்சா?”

அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு ஒரு பெரிய சலிப்பு வந்தது. எவ்வளவு நாள்தான் ஒருவன் தாழ்ப்பாளுக்குப் பின்னாலேயே இருப்பது?

“நீ மட்டும் உள்ள வா” என்றேன்.

வந்தான். தரையையும் வேட்டியையும் பார்த்தான். நான் சட்டையைத் தூக்கிக் காட்டினேன். அது தன் வேலையைச் செய்துகொண்டு, சுருங்கி விரிந்துகொண்டு இருந்தது.

“இது என்னவாக்கும்?” என்றான்.

“எனக்க கொடல்.”

எல்லாவற்றையும் சொன்னேன். நாலைந்து வாக்கியத்தில் முடிந்துவிட்டது. ஒரு வருடமாக மூடி வைத்திருந்த விஷயம் அவ்வளவு சின்னதாக இருந்ததே என்று எனக்கே ஆச்சரியம்.

ஷிஜு வெளியே போனான். ஓடிவிட்டான் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் வெள்ளைத் துணிச் சுருள் இருந்தது. பேனர் எழுத வாங்கி வைத்திருந்தது. அளந்து பார்த்து, ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து என்மேல் போட்டான். பிறகு நான் தடுப்பதற்குள் அழுக்கு வேட்டியை எடுத்துக் குழாயின் அடியில் போட்டு அலசத் தொடங்கினான். வலை கழுவுகிற மாதிரி, எந்த முகச்சுளிப்பும் இல்லாமல் அலசினான்.

நான் புதுப் பையை ஒட்டிக்கொண்டேன். அவன் முதுகைக் காட்டியபடியே கேட்டான்.

“அப்போ ஜெயில்ல கெடக்கல்லியா?”

“இல்லை.”

“போலீஸ் அடிக்கல்லியா?”

“ஒரு போலீஸ்காரனோடயும் நான் பேசினதே இல்லை.”

“மேல ஒருத்தரையும் தெரியாதா?”

“அன்னைக்கே சொன்னேனே.”

குழாயை மூடினான். திரும்பி என்னைப் பார்த்தான். அவன் முகம் சிவந்திருந்தது.

“எலே, நீ எல்லாம் ஒரு மனுசனாலே?” என்றான். அதுவரை சேட்டா, நீங்க என்று பேசியவன். “எனக்க அம்மைகிட்ட நான் என்ன சொல்லி வச்சிருக்கேன்னு தெரியுமா? எங்க கிளாஸ்ல ஒரு நேதாவு உண்டு, அவன் பேசினா கல்லு வரும், நீ அழாதேன்னு சொல்லி வச்சிருக்கேன். இப்போ நான் வீட்டுல போய் என்ன சொல்லதுக்கு?”

அவன் பார்த்துக்கொண்டிருந்தது என் முகத்தை. சட்டை இன்னும் பாதி தூக்கியபடிதான் இருந்தது. அவனுடைய கண் ஒரு தடவைகூடக் கீழே இறங்கவில்லை. அவனுக்கு என்மேல் கோபம். அப்பட்டமான, கலப்படமில்லாத கோபம்.

ஒரு வருடமாக யாரும் என்மேல் கோபப்பட்டிருக்கவில்லை. அப்பா குரலை உயர்த்தவில்லை. கோபக்காரி என்று ஊரில் பேரெடுத்த அம்மாகூட என்னிடம் பஞ்சுபோலப் பேசினார். ஷிஜு என்னைத் திட்டத் திட்ட எனக்கு உடம்பெல்லாம் லேசானது.

“நான் பேசினா கல்லு வராதுலே” என்றேன். “ஆனா பேசதுக்கு எனக்கு வாய் உண்டு.”

அவன் ஈர வேட்டியை முறுக்கிப் பிழிந்து ஜன்னல் கம்பியில் போட்டான்.

வெளியே வந்தோம். வராந்தா நிறையப் பையன்கள். பேனர் துணியைக் கட்டிக்கொண்டு நான் வருவதை மேலும் கீழும் பார்த்தார்கள். பிறகு முன்னால் நின்ற இரண்டு பேர் மறுபடியும் என் காலைப் பிடிக்கக் குனிந்தார்கள்.

“நான் எலெக்சனுக்கு நிக்கியேன்” என்றேன். “ஆனா ஒருத்தரும் என்னைத் தூக்கப்பிடாது.”

“அதென்ன சேட்டா?” என்றான் குனிந்தவர்களில் ஒருவன்.

ஷிஜு என்னைப் பார்த்தான். எனக்காக ஒரு பொய் சொல்ல அவன் வாயைத் திறந்துவிட்டான். நான் அவனைக் கையமர்த்தினேன்.

“எனக்கு இஞ்ச ஒரு பை உண்டு” என்று வயிற்றின் வலப்பக்கத்தில் கையை வைத்துச் சொல்லத் தொடங்கினேன்.